இரும்பு இல்லாத அறை

மைனி,

காலையிலிருந்து என் உள்ளங்கை இரும்பு மணக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவினேன். தேங்காய் துருவினேன், சாளை மீன் ஆய்ந்தேன். எதற்கும் அசையவில்லை. உங்கள் சாவியின் மணம்தான். கிணற்றில் வீசி எறியப்போகிறேன் என்று எத்தனையோ தடவை நான் மிரட்டிய அதே சாவி. அது எப்படி என் கைக்கு வந்தது என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். அதுவரை நீங்கள் பொறுத்திருக்க வேண்டும். உங்களுக்கு அது முடியாத காரியம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

நாம் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டதே கிடையாது. தேவையும் வரவில்லை. உங்கள் வீட்டுக்காரன், என் அண்ணன், பாறசாலைக்கும் தம்பானூருக்கும் ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். நான் தம்பானூர் இருக்கிற திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் படம் எடுக்கும் வேலையில் சேர்ந்து பெண்கள் ஹாஸ்டலில் இருந்தேன். நீங்கள் சொல்ல வேண்டியதெல்லாம் அண்ணனின் வாய் வழியாக வரும். தின்னக் கொடுக்க வேண்டியதெல்லாம் அவன் சீட்டுக்கு அடியில் தூக்குவாளியில் வரும். "உன் மைனி சொன்னா, நீ மெலிஞ்சு போனியாம். எங்க வச்சு பாத்தாளோ தெரியாது" என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொல்லி அண்ணன் வாளியை நீட்டுவான். நான் வெட்கத்தோடு வாங்கிக்கொண்டு ஓடுவேன். ஹாஸ்டலில் திறந்தால் மீன் கறி இருக்கும். எனக்கு வைத்து அனுப்பிய அந்தக் கறியை நீங்கள் நாக்கில் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அந்தச் சாவி உங்கள் வீட்டு முன்கதவின் பழைய பூட்டுக்கானது. பூட்டு எப்போதோ உடைந்து பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது. சாவி மட்டும், தாக்கோல் என்பீர்கள் நீங்கள், அடுக்களை நிலைக்காலில், ஓர் ஆணியில், கறுப்புக் கயிற்றில் தொங்கியது. பிடித்தால் கை நிறையும். உங்கள் மகள் ஜெபாவுக்கு வலிப்பு வரும்போது நீங்கள் செய்யும் முதல் காரியம் அதைப் பறித்துக்கொண்டு ஓடி அவள் கைக்குள் திணிப்பது. நம் பக்கத்தில் யாருக்கு வந்தாலும் அதுதானே நடக்கும். நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் ஒருவன் விழுந்தால் சாவிக்கொத்தோடு பத்துப் பேர் ஓடி வருவார்கள். தலைக்கு அடியில் ஒரு துணியை மடித்து வைக்க ஆள் இருக்காது.

நான் அப்போது படித்து வந்த புதிசு. எனக்குப் பொறுக்காது.

"மைனி, இரும்பு பிடிச்சா வலிப்பு நிக்காது. அது தன்னாலெ வந்து தன்னாலெ போவுது. பிள்ளையெ சரிச்சுப் படுக்க வையுங்க, அது போரும்."

"நீ சொல்லுகது செரி மக்கா. சரிச்சும் படுக்க வைக்கேன், தாக்கோலும் பிடிப்பிக்கேன். ஒனக்கு அதுல என்ன நஷ்டம்?"

நஷ்டம் ஒன்றும் இல்லை. எரிச்சல்தான் வரும். அதைவிடப் பெரிய எரிச்சல் நீங்கள் மீன் தின்னாமல் இருந்தது. பூவாறில் பிறந்து, ஆறும் கடலும் கலக்கிற இடத்தில் மீன்குழம்பு மணத்திலேயே வளர்ந்த பெண் மோரை ஊற்றிச் சோறு பிசைவதைப் பார்க்கச் சகிக்காது.

காரணம் எனக்குத் தெரியும். ஜெபா வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோது உங்கள் தங்கச்சியின் நிச்சயத்துக்குப் பூவாறு போனீர்கள். "இந்த வயித்தெ வச்சோண்டு போவாண்டாம்" என்று அண்ணன் சொன்னான். நீங்கள் கேட்கவில்லை. படகுத்துறையில் பாசி பிடித்த கல்லில் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். ஜெபாவும் அழகாகத்தான் பிறந்தாள். அவளுக்கு மூன்று வயதிருக்கும்போது ஒரு நாள் கண் ஒரு பக்கமாக நிலைகுத்தி, இடது கை தானாகத் துடிக்க ஆரம்பித்தது. அன்றைக்கு உங்கள் மனம் நேராக அந்தக் கல்லுக்குப் போய்விட்டது. பிறகு நீங்கள் பூவாறு பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. உங்கள் அம்மா ஆள்விட்டுக் கூப்பிட்டும் போகவில்லை. மீனையும் விட்டீர்கள். சபையில் கேட்டவர்களிடம் "ஆண்டவருக்கு ஒரு பொருத்தனை" என்று சொல்லிச் சமாளித்தீர்கள். என்னிடம் மட்டும் ஒரு நாள் துவைகல்லில் துணியை அடித்துக்கொண்டே சொன்னீர்கள்.

"பிள்ளைக்க தலெயெ நானாக்கும் உடச்சது, மக்கா. உன் அண்ணன் சொன்னதெ கேட்டிருந்தா இது வருமா?"

வலிப்பு வருகிற பிள்ளையை வைத்துக்கொள்ளப் பயமாக இருக்கிறது என்று பள்ளிக்கூடத்திலும் சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே ஒரு இடத்தில் தலைக்கு சிடி ஸ்கேன் எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். எல்லோருக்கும் அது ஆறுதல். உங்களுக்கு இல்லை. "மெஷினுக்குத் தெரியாம இருக்கும். எனக்குத் தெரியும்லா" என்றீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் சென்டருக்கு எம்.ஆர்.ஐ வந்தது. சிடியில் மங்கலாகத் தெரிகிற மூளை அதில் வெள்ளை தனியாக, சாம்பல் தனியாகத் தெரியும். முதல் மாதத்திலேயே எனக்கு ஜெபாவின் நினைவு வந்துவிட்டது. அண்ணன் வழியாகச் சொல்லி அனுப்பினால் வேலைக்காகாது என்று ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு நானே வந்தேன். நீங்கள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாச் சக்கையில் சுளை எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

"எக்ஸ்ரே மாதிரியா?"

"இல்லெ மைனி. பெரிய காந்தமாக்கும் அது. அதுனால இரும்பு ஒண்ணும் கொண்டு வரப்பிடாது. ஊக்கு, கிளிப்பு, ஒண்ணும். முக்கியமா ஒங்க தாக்கோலு."

உங்கள் கை நின்றது. "இரும்பே இல்லாத்த எடத்துக்கா பிள்ளையெ கொண்டு போணும்?" என்று கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கு வரவில்லை.

ஆனாலும் வந்தீர்கள். அண்ணன் லீவு போட்டு, தன் பஸ்ஸிலேயே டிக்கெட் எடுத்து, பயணியாக உட்கார்ந்து வந்தான். ஜெபா அசையாமல் கிடக்க வேண்டுமே என்று அவளுக்கு உறக்க மருந்து கொடுத்தோம். உங்களை நிற்க வைத்துச் சோதித்தேன். தாலிச் சங்கிலியிலிருந்து மட்டும் ஒரு பெட்டிக்கடை வைக்கிற அளவுக்கு ஊக்கு வந்தது. பெரிய சாவி அண்ணனின் மடியில் போய் உட்கார்ந்தது. வருகிறவர்கள் அவனை வாட்ச்மேன் என்று நினைத்துக் கக்கூஸ் எங்கே என்று கேட்டார்கள்.

"வேற இரும்பு உண்டா மைனி?"

"இல்லெ."

"சத்தியமா?"

"ராப்பகலா செபிக்கவகிட்டெயா சத்தியம் கேக்கெ?"

ஜெபாவைத் தோளில் போட்டுக்கொண்டு நான் அந்த அறைக்குள் நுழைந்தேன். மெஷினை நெருங்க நெருங்க அவளுடைய பாவாடை விளிம்பு தானாக எழும்பியது. உள்ளே காற்றும் இல்லை, மின்விசிறியும் இல்லை. விளிம்பின் ஒரு மூலை மட்டும் விறைத்து, மெஷினின் வாயைப் பார்த்து நீட்டிக்கொண்டு, பாவாடையையே இழுத்தது. வாசலில் நின்ற நீங்கள் "ஏசுவே!" என்று அலறினீர்கள். நான் மூலையைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தேன். கொஞ்சம் பெரிய இரும்பாக இருந்திருந்தால் பறந்துபோய் யார் மேலாவது பட்டிருக்கும்.

"என்ன மைனி இது?"

நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். "பெட்டித் தாக்கோலு. சின்னது. நீ பெரிய தாக்கோலெத்தானே வேண்டாம்னு சொன்னது?"

படம் பார்க்கும் டாக்டரம்மா உள்ளிருந்து ஓடி வந்தார். மலையாளத்தில் நாலு வார்த்தை திட்டப் போனவர், மடித்துத் தைத்த விளிம்பையும் உங்கள் முகத்தையும் பார்த்துவிட்டு கத்தரி எடுக்க ஆளை அனுப்பினார். வீட்டில் யாரும் பார்க்காத நேரத்தில் இரட்டை நூலில் தைத்திருக்கிறீர்கள். கத்தரி எடுக்கப் போன ஆள் வருவதற்குள் நீங்கள் குனிந்து பல்லாலேயே தையலைக் கடித்துப் பிரித்தீர்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. ஆனால் தூங்குகிற பிள்ளையின் பாவாடையைக் கடித்துக்கொண்டிருக்கும் ஒருத்தியை எப்படித் திட்டுவது?

சாவியைக் கொடுத்துவிட்டு வெறும் கையை விரித்துப் பார்த்தீர்கள். "உள்ளெ நான் எதெ பிடிப்பேன்?"

"அவ காலெ பிடிச்சுக்கிடுங்க."

அறைக்குள் உங்களையும் விட்டேன். மெஷின் தடதடவென்று இடிக்கத் தொடங்கியது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஜெபாவின் தலை குழலுக்குள், காலிரண்டும் வெளியே. ஒரு பாதத்தை இரண்டு கையாலும் பொத்தி, நெற்றியை அதில் வைத்துக் குனிந்து நின்றீர்கள். கடைசிவரை நிமிரவில்லை.

திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மூளையின் மேற்பரப்பு முழுக்க மடிப்பு மடிப்பாக ஒரு சாம்பல் பட்டை ஓடும். புறணி என்பது அதுதான். அதற்குள்ளே வெள்ளை. ஜெபாவின் வலது பக்கத்தில், வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தின் நடுவில், சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு கிடந்தது. கட்டி என்றுதான் முதலில் நினைத்தேன். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லா வரிசைப் படத்திலும் அந்தத் திட்டைத் தேடித் தேடிப் பார்த்தார். "கட்டி இல்லை. எதில் பார்த்தாலும் மேல் பட்டையின் அதே சாம்பல்தான். இது புறணிக்குப் போக வேண்டியது, போகவில்லை" என்றார்.

ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டி உங்கள் இரண்டு பேரையும் அருகில் கூப்பிட்டார். அவர் மலையாளத்தில் சொன்னதை நீங்கள் என்னைவிட நன்றாகவே புரிந்துகொண்டீர்கள். வயிற்றுக்குள் பிள்ளையின் மூளை உருவாகும்போது, அதன் உயிரணுக்கள் பிறக்கிற இடம் உள்ளே, ஆழத்தில். அங்கிருந்து புறப்பட்டு மேற்பரப்புவரை அவை பயணம் செய்ய வேண்டும். போய்ச் சேர்ந்து அடுக்கடுக்காக நிற்கும்போதுதான் புறணி உண்டாகிறது. ஜெபாவுக்கு ஒரு கூட்டம் மட்டும் நடுவழியில் நின்றுவிட்டது. அவை நல்ல அணுக்கள்தான், இருக்கிற இடம்தான் தப்பு. வலிப்பு கிளம்புவது அங்கிருந்துதான்.

நீங்கள் ஃபிலிமை உற்றுப் பார்த்தீர்கள். "அப்போ பாறசாலெலெ கேறி தம்பானூர் போவேண்டிய ஆளுவ, பாலராமபுரத்துல எறங்கி இருந்துட்டாவ. அப்படித்தானே?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் வேறு எந்தத் தாய்க்கும் இதை வேறு மாதிரி விளக்கி நான் கேட்டதில்லை. ஊர்ப் பெயரை மட்டும் ஆளுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்வார். அண்ணன்தான் சிரிக்கவில்லை. "டிக்கெட்டு எடுத்தவன பாதியில எறக்கி விடுவானா கண்டக்டரு" என்று முணுமுணுத்தான்.

"அவிய எறங்கினது எந்த மாசம்?" என்று கேட்டீர்கள்.

மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. குணமாகுமா என்று கேட்கவில்லை. மாசத்தைக் கேட்டீர்கள். அந்தப் பயணம் மூன்றாம் மாதம் தொடங்கி ஐந்தாம் மாதத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும் என்றார் டாக்டரம்மா. நீங்கள் விரலை மடக்கினீர்கள்.

"எட்டாம் மாசம் தாய் விழுந்தா?"

அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றார்.

"கல்லுல விழுந்தா? நல்லா விழுந்தா?"

டாக்டரம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. ஃபிலிமில் அந்தச் சாம்பல் திட்டின் மேல் விரலை வைத்தார். "அம்மா, நீங்கள் விழும் முன்பே இது இங்கே இருந்தது" என்றார்.

நீங்கள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தீர்கள். அவன் பயந்துபோய், "நான் எப்போட்டீ சொன்னேன், நீ விழுந்ததுனாலன்னு?" என்றான்.

"சொல்லல்லெ. ஒரு நாளும் சொல்லல்லெ. அதாக்கும் எனக்குத் தாங்காம போச்சு."

அப்புறம் நீங்கள் அழுத அழுகை இருக்கிறதே! வரிசையில் இருந்தவர்கள் உள்ளே ஏதோ ஆகிவிட்டது என்று எழுந்துவிட்டார்கள். ஜெபா உறக்கம் கலைந்து, "அம்மா ஏன் சத்தம் போடுதா?" என்று கேட்டாள். அண்ணன் சாவியை உங்கள் கையில் வைத்தான். அவனுக்கு வேறு என்ன செய்வதென்று தெரிந்திருக்காது.

படத்தால் வலிப்பு போய்விடாது என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டதால் பொருத்தமான மருந்தைப் பார்த்துக் கொடுக்கலாம், குறையும் என்றார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். காதில் விழுந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான். நான் மிச்ச நேரத்துக்கு லீவு சொல்லிவிட்டு உங்களோடு பஸ் ஏறினேன். பாலராமபுரம் வந்ததும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இஞ்ச என்ன இருக்குன்னு எறங்கிச்சோ!" என்றீர்கள். நெய்யாற்றின்கரையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்துவிட்டீர்கள்.

"எங்கட்டீ?" என்றான் அண்ணன்.

"பூவாறு பஸ் எங்க நிக்கும்?"

உங்கள் அம்மா வீட்டுக்குப் போகும் முன்பே படகுத்துறைக்குப் போனோம். அதே கல். அதே பாசி. ஜெபாவின் கையை அண்ணனிடம் கொடுத்துவிட்டுக் கல்லின் முன்னால் போய் நின்றீர்கள். மிதிப்பீர்கள் என்று நினைத்தேன். "ஒன்னெ எத்தற வருசமா சும்மா ஏசிட்டேன்" என்று அதனிடம் சொன்னீர்கள். பிறகு வீட்டுக்குப் போய், மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் முன்னால் வைத்து, மூக்கால் தண்ணீர் ஒழுக ஒழுகத் தின்றீர்கள். கேட்டதற்கு மிளகாயைக் குறை சொன்னீர்கள். உங்கள் அம்மா சட்டியோடு கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை அப்படி எத்தனையோ பிள்ளைகளின் படத்தை எடுத்தேன் மைனி. மடிப்பே இல்லாமல் வழுவழுவென்று இருக்கும் மூளை. மடிப்புகள் பொடிப்பொடியாக நெருங்கிக் கிடக்கும் மூளை. மேல் பட்டைக்குக் கீழே இன்னொரு சாம்பல் பட்டை சுற்றி ஓடும் மூளை. மெஷின்கள் மாறி மாறி வந்தன, படம் மேலும் மேலும் தெளிந்தது. தாய்மார் மாறவில்லை. எல்லோரிடமும் ஒரு கல் இருந்தது. ஒருத்தி பப்பாளி தின்றிருப்பாள். ஒருத்தி கிரகணத்தன்று வெளியே வந்திருப்பாள். ஒருத்தி புருஷனோடு சண்டை போட்டு ஒரு வேளை பட்டினி கிடந்திருப்பாள். புதிதாக வரும் டாக்டர்களிடமெல்லாம் நான் நச்சரித்தேன், நோயின் பெயரைப் பிறகு சொல்லுங்கள், மாசத்தை முதலில் சொல்லுங்கள் என்று. சிலர் கேட்டார்கள், சிலர் முறைத்தார்கள்.

ஆனால் நீங்கள் மட்டும் சாவியை விடவில்லையே! ஜெபாவுக்கு மருந்து பிடித்துக்கொண்டது. வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் படிக்கவும் வைத்தீர்கள். எப்போதாவது வலிப்பு வந்தால் மறுபடியும் ஆணியைப் பார்த்து ஓட்டம்தான். "படத்தெ கண்ணால பாத்தியல்லா, இன்னும் எதுக்கு இது?" என்று நான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"தாக்கோலு அவளுக்கில்லெ மக்கா, எனக்காக்கும்" என்றீர்கள். "அது முடியுக வரெ நான் வெறுங்கையோட நிக்கணுமா?"

நான் அதையும் கேலி செய்தேன்.

போன மழைக்காலத்தில் நீங்கள் கண்ணை மூடினீர்கள். நான் இப்போது உங்கள் வீட்டில்தான் இருக்கிறேன். அண்ணனுக்குக் காது மந்தம், ஆனாலும் பஸ் சத்தம் மட்டும் கேட்கிறது. ஜெபா சபை நர்சரியில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாள். அவளுக்கு வலிப்பு வந்தே நெடுநாள் ஆகியிருந்தது. நீங்கள் போன பிறகு நேற்றுவரை வரவே இல்லை.

இன்று காலை வந்தது. அடுக்களையில் தன் மாமியான எனக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்தினாள். கண் ஒரு பக்கமாக நின்றது. டம்ளரை வாங்கி வைத்தேன். மெதுவாகக் கிடத்தி, சரித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துவர்த்துத் துண்டை மடித்து வைத்தேன். சேலை கழுத்தை இறுக்காமல் தளர்த்தினேன். ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்த அத்தனையையும் ஒன்றுவிடாமல் செய்தேன். செய்து முடித்தாகிவிட்டது. அவளுக்கு இன்னும் நிற்கவில்லை. இனிச் செய்ய ஒன்றும் இல்லை, பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாது மைனி. பார்த்துக்கொண்டிருந்தது எப்போதும் நீங்கள்தானே.

என் கை தானாக ஆணிக்குப் போனது.

கொஞ்ச நேரத்தில் ஜெபா தெளிந்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு என் மூடிய கையைப் பார்த்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். உள்ளங்கையில் சாவியின் பல் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"அம்மா இதெ எனக்க கையிலல்லா வைப்பா, மாமி?"

"இது எனக்காக்கும், மக்கா" என்றேன்.

சாவி பழையபடி ஆணியில் தொங்குகிறது. இன்னொரு தடவை சோப்புப் போட்டால் மணம் போய்விடும் என்று நினைக்கிறேன். போடவில்லை.